ஊருக்கு உரியவர் யார்?

"ஊருக்குப் போகிறேன்" என்பதற்கும் "ஊருக்குத் திரும்புகிறேன்" என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நமது இலக்கணகாரர் ஆராயப் புகுந்ததில்லை. அதற்குரிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. இன்றைய தொண்டைமானாற்றிலோ அவ்விரு வினைச்சொற்களுக்கும் இடையே ஒரு தலைமுறையின் வாழ்க்கையே நிற்கின்றது. செல்வச்சந்நிதி முருகன் கோயிலிற் கொடியேறுகின்ற காலமும் மேலைநாட்டுப் பாடசாலைகளுக்குக் கோடை விடுமுறை விடுகின்ற காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன. ஆற்றங்கரை மடங்களின் அன்னதானப் பந்தியில் அமர்ந்து பேச்சைக் கேட்டால் லண்டன், பரிஸ், சூரிச், ஒஸ்லோ, ரொறன்ரோ என்ற பெயர்கள் நெல்லியடி, அச்சுவேலி, பருத்தித்துறை என்ற பெயர்களைப் போலவே சாதாரணமாக அடிபடக் காணலாம். ஆவணிப் பௌர்ணமித் தீர்த்தத்தோடு திருவிழா முடிகின்றது. ஒன்றிரண்டு வாரங்களில் அவர்கள் விமானம் ஏறிவிடுகின்றனர். திறந்து கிடந்த படலைகளில் மீண்டும் பூட்டுத் தொங்குகின்றது.

இவர்கள் வந்தவர்களா, திரும்பியவர்களா? இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. காணி யாருக்கு, கோயிற் காரியத்திற் குரல் யாருக்கு, அரசியல் முடிவுகளில் இறுதிச் சொல் யாருக்கு, இக்கரையில் நாளை வாழப்போகும் பிள்ளை எவருடைய தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு வாழப்போகின்றது என்பன போன்ற கேள்விகளெல்லாம் இதனுள் அடங்கியுள்ளன. ஓர் ஊர் யாருக்கு உரியது என்பதே அடிப்படை வினா. விடை எளிதென்று கருதுவோர் பலர் உளர். அவர்களை நோக்கியே இதனை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். போதல் எமக்குப் புதிதன்று. குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிச் செல்வதற்காக இந்நீர்வழியை வெட்டுவித்தான் என்பது இங்கு வழிவழி வரும் ஐதிகம். அது மெய்யாயின், நமது ஊரின் பெயரே கடல் கடந்து வந்த ஓர் அந்நியனின் பெயர். ஊர்ப்பற்றுப் பேசுவோர் இதனை அடிக்கடி நினைத்துக்கொள்வது நன்று. வடமராட்சிக் கரையின் பாய்மரக் கப்பல்கள் இந்தியத் துறைகளுக்கும் பர்மாவுக்கும் சென்று வந்தன. அயலூரான வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதனைச் செலுத்திச் சென்றோர் இக்கரையின் மக்கள். கடலோடியின் மொழியில் போதல் என்றால் வருதலும் அதனுள் அடக்கம். பருவக்காற்று மாறும், கப்பல் வரும்.

அடுத்து வந்தது மலாயாக் காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி, மிசன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் நில அளவைப் பகுதிக்கும் எழுதுவினைஞர்களாகச் சென்றனர். யாழ்ப்பாணத்தின் பொருளாதாரத்தை மணியோடர் பொருளாதாரம் என்று அறிஞர் குறிப்பிட்டது இவர்களை வைத்தே. உத்தியோக காலம் முடிந்ததும் பென்சன்காரராக ஊர் திரும்பினர், கல்வீடு கட்டினர், கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தனர். நமது பாட்டன்மார் இவர்களைத் 'திரும்பியவர்கள்' என்று ஏற்றதில் எவ்விதத் தயக்கமும் இல்லை. ஏன்? அவர்கள் நாடுவிட்டு நாடு சென்றாலும் எசமானன் ஒருவனே. கடவுச்சீட்டும் ஏறத்தாழ ஒன்றே. திரும்பும் உரிமையை எவரும் பறிக்கவில்லை. மேலும் திரும்பி வாழ்வதற்கான செலவை ஓய்வூதியம் ஏற்றது. ஆனால் அந்த ஓய்வூதியம் எங்கிருந்து வந்தது என்பதை அன்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. இறப்பர் மரத்தின் கீழ்க் குனிந்து நின்ற தென்னிந்தியத் தொழிலாளியின் முதுகு அந்தக் கல்வீட்டின் அத்திவாரத்தில் ஒரு கல்லாக இருந்தது. ஏடுகளில் அவன் கணக்கை எழுதியவன் நம்மவன்.

1983-க்குப் பின் நிகழ்ந்தது இவ்விரண்டினும் முற்றிலும் வேறானது. அதனையும் 'வெளிநாடு போதல்' என்று ஒரே சொல்லாற் குறிப்பது மொழியின் வறுமை. ஆடிக் கலவரத்தின் பின்னர் கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு ஜேர்மனிக்குள் நுழைந்தவர்களும், 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்தபடி மீனவராற் காப்பாற்றப்பட்ட 155 தமிழரும், 1987-ஆம் ஆண்டு வடமராட்சிப் படையெடுப்பின்போது இரவோடிரவாக ஓடியவர்களும் உத்தியோகம் தேடிப் போனவர்களல்லர். பருவக்காற்று அவர்களைத் திருப்பிக் கொணராது. அகதியாக ஏற்கப்பட்டமைக்கு அவர்கள் கொடுத்த விலையே "என்னால் ஊருக்குத் திரும்ப இயலாது" என்ற வாக்குமூலம். அவ்வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு நாள்தோறும் திரும்புதலைக் கனவு காண்பதே அவர்களுடைய வாழ்க்கையாயிற்று. இதனைப் பாசாங்கு என்று ஏளனம் செய்வோர் எம்மிடையே உள்ளனர். நான் அவ்வாறு கருதவில்லை. சட்டம் ஒருவனிடம் உண்மையின் ஒரு பாதியை மட்டும் கேட்கும்போது மறுபாதி கனவில்தான் குடியிருக்கும்.

இந்நிலை தமிழருக்கு மட்டும் உரியதன்று. 1988-இல் தம் சொந்த அரசின் விமானங்களே ஹர்கெய்சா நகரைக் குண்டு வீசித் தகர்த்தபோது சோமாலியர் பல்லாயிரவர் எத்தியோப்பியாவுக்கு ஓடினர். 1991-இல் சியாட் பரேயின் ஆட்சி வீழ்ந்தபின் நாடே சிதறியது. இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் நம்மவரின் அடுத்த தெருவிற் சோமாலியர் வாழ்கின்றனர். அவர்களில் ஊருக்கு மீள்பவரை உள்ளூர் மக்கள் 'குர்பஜோக்' என்கின்றனர். அந்நிய தேசத்தில் இருப்பவர் என்பது பொருள். ஊரில் வந்து நின்றவனை நோக்கி "அங்கே இருப்பவனே" என்று விளிப்பதில் எத்தனை துயரமும் எத்தனை துல்லியமும் உள்ளன! மேலைநாட்டிற் பிறந்து 'கெட்டுப்போன' பிள்ளைகளைத் திருத்துவதற்கெனத் தாய்நாட்டுக்கு அனுப்பும் வழக்கத்துக்கும் அவர்களிடம் ஒரு சொல் உண்டு. பண்பாட்டுக்கு மீட்டல் என்று அதனை மொழிபெயர்க்கலாம். அப்பிள்ளைக்கோ அது மீட்சியன்று, நாடுகடத்தல். தந்தையின் தாயகம் மகனுக்குத் தண்டனையாக மாறுகின்ற இக்காட்சி நமக்கும் ஒரு பாடம்.

உயர்தர வகுப்பு மாணவரிடம் ஒருநாள் இவ்வினாவை விவாதப் பொருளாகக் கொடுத்தேன். இருவகை விடைகள் வந்தன. முதலாவது, "எங்கு சென்றாலும் இரத்தம் இரத்தமே, இங்கு வேருடையவர் அனைவருக்கும் ஊர் உரியது" என்பது. இரண்டாவது விடையைக் கடற்றொழிலாளி ஒருவரின் மகன் கூறினான்: "சேர், கிணற்றை இறைப்பவனுக்குத்தான் கிணறு. நாங்கள் ஷெல்லடியிலும் இருந்தோம், பொருளாதாரத் தடையிலும் இருந்தோம்." அவன் பிறந்தது அக்காலத்துக்குப் பின்னர் என்பதை ஒரு மாணவி சுட்டிக்காட்ட, வகுப்பு சிரித்தது. எனினும் அவன் எடுத்துரைத்த கொள்கை சிரிக்கத்தக்கதன்று. ஒன்று குருதிக் கொள்கை, மற்றது உழைப்புக் கொள்கை. முற்போக்காளர் இயல்பாகவே இரண்டாவதன் பக்கம் சாய்வர். இரண்டையும் சோதித்துப் பார்ப்போம்.

குருதிக் கொள்கையின் விளைவை இலங்கையில் நேரே அனுபவித்தவர் ஒருவர் உண்டென்றால் அவர் மலையகத் தமிழர். 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பார்த்துக்கொள்வது. மனிதரைப் பங்கிட்ட அக்கணக்கில் அவர்களுடைய கருத்தை எவரும் கேட்கவில்லை. கண்டியிலும் அட்டனிலும் பிறந்து, பாட்டன் காலத்திலிருந்து தேயிலைச் செடியின் அடியிற் தம்மவரைப் புதைத்து வந்த மக்கள் 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயரோடு இராமானுஜம் கப்பலில் ஏற்றப்பட்டு இராமேசுவரத்தில் இறக்கப்பட்டனர். கண்ணாற் காணாத ஊருக்கு எப்படித் திரும்புவது? தமிழக அரசு அவர்களுக்கென 1968 முதல் நீலகிரியிற் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியேறியவர்களை அங்குள்ளோர் அழைத்த பெயர் என்ன தெரியுமா? சிலோன்காரர். இங்கே இந்தியன், அங்கே சிலோன்காரன். இரத்தத்தின் சாட்சியத்தை நம்பினால் இதுதான் முடிவு.

அந்நாளில் யாழ்ப்பாணத்துத் தலைமை இதனை ஒருமுகமாக எதிர்க்கவில்லை என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. அப்பிரச்சினையிற் தமிழ்க் காங்கிரஸ் பிளவுண்டு 1949 டிசம்பரிற் தமிழரசுக் கட்சி தோன்றியது. எதிர்த்தவர்க்குப் பெருமை உண்டு. எதிர்க்காதவர்க்கும் வாக்களித்த ஊர்கள் இவைதாம். ஆகவே மலையகத் தொழிலாளியைக் குருதியின் பேராற் கப்பலேற்றியது அநீதி என்று கண்டிக்கின்ற நாம், அதே குருதியின் பேரால் நமது தாயக உரிமையை நிலைநாட்ட முயல்வது அறிவுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது.

அப்படியாயின் உழைப்புக் கொள்கை வெற்றி பெற்றுவிட்டதா? உழுபவனுக்கே நிலம் என்ற முழக்கத்தில் வளர்ந்தவன் நான். ஆனால் பலாலி உயர் பாதுகாப்பு வலயத்தினுள் நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்கவேண்டும். 1990-இல் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேற்றப்பட்ட செம்மண் காணிகளில் இராணுவத்தினர் மரக்கறி பயிரிட்டனர். அவர்களும் உழுதனர், நீர் இறைத்தனர், வியர்வை சிந்தினர். காணிக்காரரோ கால் நூற்றாண்டுக்கு மேலாக நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வளவுகளிலும் குந்தியிருந்தனர். எமக்கு அடுத்த வளலாய்க் காணிகளின் ஒரு பகுதி 2015 மார்ச்சில் விடுவிக்கப்பட்டபோது எல்லைக் கற்களைத் தேடிப் பற்றைக்குள் நுழைந்த முதியோரை நாம் கண்டோம். உழைப்பு ஒன்றே உரிமையைத் தருமாயின் அம்முதியோருக்கு அங்கு என்ன உரிமை? மாணவன் கூறிய கிணற்று உவமை இவ்விடத்தில் உடைந்துவிடுகின்றது. உடையவனைத் துரத்திவிட்டு இறைக்கப்படும் நீரும் நீர்தான். ஆனால் துரத்தப்பட்டவனின் உரிமையை அது கரைத்துவிடாது. காலமும் கரைத்துவிடாது. வன்முறையால் ஏற்பட்ட பிரிவை அவனுடைய விருப்பமாகக் கணக்கிற் காட்ட எவருக்கும் அதிகாரம் இல்லை.

எனவே என் முடிபு இது. துரத்தப்பட்டவனுக்கு மீளும் உரிமை உண்டு. அதற்குக் காலவரையறை கிடையாது. ஆனால் மீளும் உரிமை வேறு, மீளாமலே ஆளும் உரிமை வேறு. விளைவைச் சுமக்காதவன் முடிவை விதிக்கலாகாது. 2009-க்கு முன்னும் பின்னும் தூரத்து நகரங்களின் மண்டபங்களில் நமக்காக எடுக்கப்பட்ட தீர்மானங்கள் சில. அவற்றுக்கான விலையைச் செலுத்தியது மண்டபத்திலிருந்தோரின் பிள்ளைகளல்லர். இதனைச் சொல்வது புலம்பெயர்ந்தோர் மீதுள்ள பகையினாலன்று. போர்க்காலத்தில் அவர்கள் பனிக்குளிரில் உணவகச் சமையலறைகளிற் பாத்திரம் கழுவி அனுப்பிய பணத்திற்றான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது. ஒரு பாட்டாளியின் கூலிக்குரிய மதிப்பை நாம் அறிவோம். ஆனால் அனுப்பிய பணம் பாசமாக வந்ததேயன்றிப் பங்குத் தொகையாக வந்ததன்று. ஊர் ஒரு கம்பெனியுமன்று.

அரசோ அவர்களைச் சரியாக எதிர்ப்புறமாக நோக்குகின்றது. பணம் வரட்டும், குடிமகன் வரவேண்டாம் என்பதே கொழும்பின் பொதுவான மனப்பான்மை. இரட்டைக் குடியுரிமையாளர் பாராளுமன்றம் செல்வதை 2015-இல் பத்தொன்பதாம் திருத்தம் தடுத்தது. 2020-இல் இருபதாம் திருத்தம் அத்தடையை நீக்கியது. 2022-இல் இருபத்தோராம் திருத்தம் மீண்டும் விதித்தது. இடையில் அக்கதவு திறந்தபோது நுழைந்தவர் புலம்பெயர் தமிழர் எவருமல்லர் என்பது வேறு கதை.

கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டை மேடைதோறும் முழங்குவோர் இவ்விவாதத்தை ஒரு வரியில் முடித்துவிட எண்ணுவர். அப்பெருமகன் விசா வரிசையில் நின்றவரல்லர்; நிற்க.

நினைவைப் பற்றியும் ஒரு சொல். வெளிநாட்டிலிருந்து எழுதப்படும் ஊர்நினைவுகளைப் படிக்கும்போது பனங்கூடல், கிடுகு வேலி, ஒடியற்கூழ், சந்நிதிக் காவடி எல்லாம் வருகின்றன. கே. டானியல் 1972-இல் வெளியிட்ட 'பஞ்சமர்' நாவலில் வரும் ஊர் அந்நினைவுகளில் வருவதில்லை. ஒரே வேலிக்கு உள்ளே நின்றவனுக்கும் வெளியே நின்றவனுக்கும் நினைவு ஒன்றாயிருக்குமா? 1968-இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் மறிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இன்று பரிசிலும் லண்டனிலும் உள்ளனர். அங்கே அவர்கள் வெறும் தமிழராக, ஏன், வெறும் கறுப்பராக வாழ்ந்து பழகிவிட்டனர். ஊருக்கு வந்தால் "நீங்கள் எந்தப் பகுதி?" என்று நயமாகக் கேட்கப்படும் கேள்வி அவர்களை ஒரு நொடியில் ஐம்பது ஆண்டு பின்னே தள்ளுகின்றது. பிராமணரல்லாத கப்பூகர் வாய்கட்டிப் பூசை செய்யும் செல்வச்சந்நிதியின் வாசலிலும் இக்கேள்வி எழுவதை நான் கேட்டிருக்கிறேன். திரும்புதல் என்பது இடத்துக்கு மட்டுமா, பழைய படிநிலைக்குமா என்பதை அவர்களிடம் நாம்தான் தெளிவாக்க வேண்டும்.

இனி மிகக் கடினமான இடத்துக்கு வருகிறேன். 1990 ஒக்டோபர் 30-இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஒரு சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். அம்மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டோர் 70,000-க்கும் மேற்பட்டோர். அவர்களிற் பெரும்பாலானோர் புத்தளத்துத் தென்னந்தோப்புகளில் ஓலைக்கொட்டிலிட்டனர். ஐந்தாண்டுகளின் பின் அதே நாளில், 1995 ஒக்டோபர் 30-இல், வலிகாமத் தமிழர் இலட்சக்கணக்கில் மழையிரவில் செம்மணி வெளியையும் வல்லை வெளியையும் கடந்து ஓடினர். சாஸ்திரி ஒப்பந்த நாளும் அதுவே என்பதை முன்னரே கண்டோம். இரண்டாவது ஓட்டத்துக்கு எம்மிடம் கவிதைகளும் கதைகளும் ஏராளம். முதலாவதற்கு மிகச் சில.

2009-இன் பின்னர் சோனகத்தெருவுக்கு மீள வந்த குடும்பங்களை நாம் எவ்வாறு வரவேற்றோம்? கூரையற்ற சுவர்களுக்கு நடுவே நின்ற அவர்களிடம் உறுதி எங்கே, பதிவு எங்கே என்று அலுவலகங்கள் கேட்டன. "நீங்கள் இப்போது புத்தளத்தார் அல்லவா? பிள்ளைகள் அங்கே பிறந்தவர்கள் அல்லவா?" என்று பலர் கேட்டனர். ஒரு குடும்பம் ஐந்தாகப் பெருகியிருக்க, ஒரு வளவுக்கு ஒரு வீடு என்று கணக்கிடப்பட்டது. ரொறன்ரோவிற் பிறந்த நமது மருமகனைத் தொண்டைமானாற்றான் என்று பூரிப்போடு அறிமுகம் செய்கின்ற அதே வாய், புத்தளத்திற் பிறந்த ஒரு யாழ்ப்பாணத்து முஸ்லிம் பிள்ளையைப் புத்தளத்தான் என்கின்றது. இதிலுள்ள முரண்பாட்டை மாணவர் ஒருவருக்கு விளக்க ஐந்து நிமிடம் போதும். வளர்ந்தவர்களுக்கு முப்பது ஆண்டுகள் போதவில்லை. மீளும் உரிமை குருதியைச் சார்ந்ததன்று, துரத்தப்பட்டமையைச் சார்ந்தது என்று ஏற்றுக்கொண்டால், அவ்வுரிமையை முதலிற் கொடுத்துத் தீரவேண்டியவர்கள் நாம். நிபந்தனை எதுவுமின்றி.

ஊரிலுள்ள பூட்டிய வீடுகளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அவற்றைப் பறிமுதல் செய்யவேண்டும் என்று துடிப்புள்ள இளைஞர் சிலர் கூறுகின்றனர். அக்கூற்றை ஏற்க என்னால் இயலாது. பறித்தலால் வந்த துன்பத்தைப் பறித்தலால் ஆற்ற முடியாது, தவிரவும் அவ்வாறு பறிப்பதற்குத் தோதான சட்டங்களை எமக்கு எதிராகப் பயன்படுத்துவோர் உண்டு. ஆனால் சொத்துரிமை புனிதமானது என்ற வாதத்தையும் நான் ஏற்கவில்லை. மழைக்கு ஒழுகும் கொட்டிலில் நான்கு பிள்ளைகளோடு ஒருத்தி இருக்க, மதிலுக்கு அப்பால் ஆறு அறைகள் பதினொரு மாதம் வௌவாலுக்கு விடப்பட்டிருப்பது சட்டப்படி குற்றமன்று. அதனாலேயே அது நியாயமாகிவிடாது.

பொதுக்காரியங்களிலும் இதே கதை. தொண்டைமானாற்று வாயிலில் உள்ள அணைக்கட்டு கடல்நீரைத் தடுத்து, மாரிவெள்ளத்தைத் தேக்கி, உவர்நிலத்தை நன்னிலமாக்குவதற்கென அமைந்தது. பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950-களில் வகுத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தில் ஆனையிறவு நீரேரியையும் வடமராட்சி நீரேரியையும் இணைக்க முள்ளியானிற் கால்வாய் வெட்டத் தொடங்கினர். வேலை முடியாமல் நின்றது. போர்க்காலத்தில் அணையின் கதவுகள் கவனிப்பாரற்றுப் பழுதாயின. கிணறுகளில் உவர் ஏறியது. அதே காலத்திலும் அதன் பின்னரும் குடாநாடெங்கும் வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த கோபுரங்களையும் தேர்களையும் எண்ணி முடியாது. கொடுத்தவரைக் குறை கூறிப் பயனில்லை. கோபுரத்திற் பெயர் பொறிக்க இடமுண்டு. கிணற்று நீரின் உவர்ப்புக் குறைந்ததற்கு எவர் பெயரைப் பொறிப்பது? எது தேவை என்று அவர்களுக்கு எழுதவேண்டியவர்கள் இங்கு வாழும் நாம். நாமும் தேரையே கேட்டோம்.

மாற்றம் அறவே இல்லையென்றும் கூறமுடியாது. ஆற்றுக்குக் கிழக்கே ஒரு வீடு. உடையவர் மூன்று பத்தாண்டுகளுக்கு மேலாக ஐரோப்பாவில் இருக்கிறார். தனியார் வகுப்புக்குப் பணம் கட்டமுடியாத பிள்ளைகளுக்காக இளம் ஆசிரியர் சிலர் விறாந்தையைக் கேட்டுக் கடிதம் எழுதினர். பதிலுக்கு ஒன்றரை மாதம் காத்திருந்தனர். பின்னர் சாவி அயல்வீட்டாரிடம் வந்து சேர்ந்தது. இப்போது அங்கே மாலையில் இருபது பிள்ளைகள் வரை கணிதமும் விஞ்ஞானமும் படிக்கின்றனர். ஆவணியில் உடையவர் வந்தால் பின்னறையிற் தங்குகிறார், வகுப்பு நிறுத்தப்படுவதில்லை. சென்ற முறை வந்தபோது கரும்பலகை பழுதாயிருப்பதைக் கண்டு, அச்சுவேலிச் சந்தைக்குப் போன வழியிற் தாமே கறுப்புப் பெயின்ற் வாங்கி வந்தார்.